படகாகப் போய்ப் பாலமாக நின்றது

நான் பணி ஓய்வு பெற்றவள். வயது முப்பத்திரண்டு.

சொன்னால் சிரிக்கிறார்கள். அரசு வேலையில் இளநிலைப் பொறியாளராகச் சேர்ந்து, சில வருடம் ஓடியாடிவிட்டு, ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவளை வேறு எப்படிச் சொல்வது? அலுவலகத்தில் எனக்குச் சந்தன மாலை போட்டார்கள். சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். "எஞ்சிய காலத்தை அம்மையார் அமைதியாகக் கழிக்க வேண்டும்" என்று ஒருவர் மைக்கில் வாழ்த்தினார். இதற்குப் பிறகும் அது ஓய்வு இல்லையென்றால் எதுதான் ஓய்வு?

ஏன் விட்டேன் என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்: எனக்கு ஒரே நாற்காலியில் ரொம்ப நேரம் உட்கார வராது. என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் தம்பிக்கு நன்றாக வருகிறது. போன வாரம் அவர்தான் கூப்பிட்டார்.

"மேடம், இப்ப எல்லா அனுமதியும் கம்ப்யூட்டர்லதான். ஆத்துக்குக் குறுக்கால சொந்தக் காசுல பாலம் போட்டு, போறவங்க வர்றவங்ககிட்ட கட்டணம் வாங்கிக்கிறேன்னு ஒருத்தர் விண்ணப்பிச்சிருக்காரு. பட்டியல்ல இதுக்கு இடமே இல்ல. உங்க காலத்துல இப்படி ஒண்ணு நடந்துச்சாமே?"

'உங்க காலத்துல' என்றதும் எனக்கு முதுகு கூனிவிட்டது. சரி, காலம் ஆகிவிட்டது என்று ஒப்புக்கொண்டு எழுதுகிறேன்.

படித்ததும் பரீட்சை எழுதியதும் தேறியதும் எல்லோருக்கும் நடப்பதுதான், விட்டுவிடலாம். முதல் வருடம் முழுக்க உழவர்கரைப் பக்கத்தில் சாக்கடை அளந்தேன். நீளம், அகலம், ஆழம். மறுவாரம் அதே சாக்கடையை மறுபடி அளக்கச் சொல்வார்கள். ஒரு வீட்டு வாசலில் நின்ற அம்மா கேட்டார்: "ஏம்மா, வந்து வந்து அளக்கறியே, இதுக்கு இன்னா சட்டை தைக்கப் போறியா?" என் பயிற்சிக் காலத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

அதற்கப்புறம்தான் ஆற்றுப் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கே என் மேலதிகாரி அந்துவான் சார். செயற்பொறியாளர். வெள்ளை அரைக்கைச் சட்டை, மடிப்புக் கலையாத கால்சட்டை, பையில் ஒரு கறுப்புப் பேனா. வீட்டில் பிரெஞ்சும் பேசுவார்கள். எதையாவது முடிவு செய்ய வேண்டிய இடம் வந்தால் "அலோர்..." என்று இழுப்பார். 'அப்படியென்றால்' என்று அர்த்தம். அப்படியென்றால் என்ன என்பது மட்டும் வராது.

அவர் கோப்பு பார்க்கும் முறையைச் சொல்லியாக வேண்டும். கோப்பு மேசைக்கு வந்ததும் திறக்க மாட்டார். முதலில் கையில் தூக்கி எடை பார்ப்பார், கடையில் பூசணிக்காய் வாங்குபவர் மாதிரி. கனமாக இருந்தால் முகம் மலரும். "நிறைய பேர் பார்த்திருக்காங்க, பயமில்ல." லேசாக இருந்தால் போச்சு. "புதுசு" என்பார், ஊரில் புதிதாக வந்திருக்கும் காய்ச்சலைச் சொல்வதுபோல. பிறகு கடைசிப் பக்கத்திலிருந்து முன்னால் படித்துக்கொண்டு வருவார். கறுப்புப் பேனாவை எடுப்பார். மூடியைத் திறக்காமலேயே ஒவ்வொரு வரியையும் தொட்டுக்கொண்டு போவார். முடிந்ததும் பேனாவைப் பைக்குள் போட்டுவிட்டு, பென்சிலை எடுத்து ஓரத்தில் 'பேசவும்' என்று எழுதுவார். பென்சில் எதற்கென்றால், அழிக்கலாம்.

போய்ப் பேசுவோம். எல்லாவற்றையும் கேட்பார். பொறுமையாக, அன்பாக, தலையை ஆட்டி ஆட்டிக் கேட்பார். கடைசியில், "இது நம்ம ஆபீசுக்கு வர வேண்டியதாம்மா?" என்பார். அந்த ஒரு கேள்வியில் கோப்பு வேறு எந்த அலுவலகத்துக்குப் போக வேண்டும் என்று நமக்கே தோன்றிவிடும். கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. ஆறு மாதத்தில் ஓய்வு பெறப் போகிறவர். பென்ஷனுக்குக் குறுக்கே ஒரு கையெழுத்தும் வந்துவிடக் கூடாது என்பதில் மட்டும் கறார்.

இந்த மேசைக்குத்தான் ஷாகுல் பாயின் பாலம் வந்து சேர்ந்தது.

அரியாங்குப்பம் ஆறு கடலுக்குப் போகும் வழியில் இரண்டு மூன்றாகப் பிரியும். ஒரு கிளைக்கு அந்தப் பக்கம் ஒரு குப்பம். எதிர்க்கரையில் டவுனுக்குப் போகிற சாலை. கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான், ஆனால் நடந்து வரவேண்டுமென்றால் பெரிய பாலம் வரைக்கும் போய்ச் சுற்ற வேண்டும். ஷாகுல் பாய் டவுனில் இரும்பு கேட்டும் ஜன்னல் கிரில்லும் செய்கிற பட்டறைக்காரர். அவரிடம் வேலை செய்கிற ஆட்களில் பாதிப் பேர் அந்தக் குப்பத்துக்காரர்கள். தினமும் தாமதம்.

"திட்டித் திட்டித் தொண்டை போச்சும்மா. கணக்குப் போட்டுப் பார்த்தேன், பாலம் கட்டறதே சீப்பு" என்றார் என்னிடம்.

கட்டிவிட்டார். அனுமதி என்று ஒன்று இருப்பது அவர் நினைவுக்கு வரவில்லை. நீல நிறப் பிளாஸ்டிக் பீப்பாய்களை வரிசையாக மிதக்கவிட்டு, மேலே இரும்புச் சட்டம் பற்றவைத்து, அதன்மேல் பலகை. இரண்டு கரையிலும் இரும்புத் தூண் நட்டு வடக்கயிற்றில் கட்டியிருந்தார். கைப்பிடிதான் அழகு. வாடிக்கையாளர்கள் வேண்டாமென்று விட்டுப்போன ஜன்னல் கிரில்களையெல்லாம் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். ஆற்றைக் கடந்தால் வரிசையாக மயில், தாமரை, ஓம், சிலுவை, பிறை, பாதியில் நின்றுபோன ஒரு வீணை. ஆளுக்கு இரண்டு ரூபாய், வண்டிக்கு ஐந்து. பள்ளிப் பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இலவசம் என்று போர்டு.

எவரோ பெயர் போடாமல் புகார் எழுதினார்கள். அனுமதி இல்லாத பாலம், அதில் கட்டண வசூல் வேறு. ஒரு மாதத்துக்குள் அகற்று, இல்லையேல் நாங்கள் அகற்றுவோம் என்று மேலே இருந்து நோட்டீஸ் தயாராகி, ஒட்டும் வேலை என்னிடம் வந்தது. பசை வாளியும் தாளுமாகப் போய் நின்றேன்.

கரையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த பாய் கையை நீட்டினார். "ரெண்டு ரூபா."

"பாய், நான் அரசாங்கம். நோட்டீஸ் ஒட்ட வந்திருக்கேன்."

"அரசாங்கம் நடந்துதானே வருது? நடந்து வந்தா ரெண்டு ரூபா. வண்டியில வந்தா அஞ்சு."

கொடுத்தேன். சீட்டு கிழித்துக் கொடுத்தார். அதைப் பயணச் செலவில் சேர்த்து அனுப்பியதற்கு அந்துவான் சார் ஓரத்தில் பென்சிலால் 'பேசவும்' என்று எழுதி அனுப்பியது தனிக் கதை.

மயிலுக்கும் தாமரைக்கும் நடுவே ஒட்டிக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து ஒரு குரல் சத்தமாகப் படித்தது. செல்வி அக்கா. அந்தக் குப்பத்துக்காரி. சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் ஒப்பந்த வேலை. கம்பெனி பஸ் காலை ஆறு மணிக்கு எதிர்க்கரைச் சாலைக்கு வரும். நிற்காது, வேகத்தைக் குறைக்கும்; ஏறிக்கொள்ள வேண்டும்.

"இன்னா இஞ்சினீரம்மா, எடுக்கப் போறீங்களா?"

"அனுமதி வாங்கலைன்னா எடுத்துடுவாங்கக்கா."

"பாலம் வர்றதுக்கு முன்ன நாலு மணிக்கு எழுந்து சுத்திக்கிட்டு ஓடுவேன். மூணு நாளு பஸ்ஸ உட்டா காண்ட்ராக்டர் பேர எடுத்துடுவான். போன வருஷம் ரெண்டு தடவ எடுத்து, ரெண்டு தடவ கால்ல உயுந்து சேர்ந்தேன். மூணாந்தடவ உயுறதுக்கு எனக்கு முட்டி சரியில்ல." பசை வாளியைப் பார்த்தாள். "நல்லா ஒட்டும்மா. காத்துல பறந்துச்சுன்னா உன்ன திட்டுவாங்க."

அவள் கோபப்பட்டிருந்தால் நான் ஒட்டிவிட்டு மறந்திருப்பேன். பசையைப் பற்றி அக்கறைப்பட்டதுதான் என்னை விடவில்லை. நேராக அந்துவான் சாரிடம் போனேன்.

"சார், தற்காலிக நடைப்பாலத்துக்கு ஒரு வருஷம் அனுமதி கொடுக்கிற அதிகாரம் உங்ககிட்டயே இருக்கு. விதியில பார்த்தேன்."

"இருக்கும்மா. எனக்கும் தெரியும். எனக்கு முன்ன இருந்தவருக்கும் தெரியும். யாரும் தொட்டதில்ல."

"தொட்டா என்ன சார்?"

"என் முன்னிலையில லோடு டெஸ்ட் பண்ணணும். ஆளுங்களை ஏத்தி, பாரம் ஏத்தி, நான் நின்னு பார்க்கணும். விழுந்துட்டா விசாரணை. விழலைன்னா, 'இவ்வளவு நல்ல பாலத்துக்கு ஏன் இவ்வளவு நாள் கொடுக்கல'ன்னு விசாரணை." பேனாவை மூடியோடு உருட்டினார். "ஏம்மா, அது தரையில பதிஞ்சிருக்கா?"

"இல்ல சார். கயித்துல கட்டியிருக்கு."

"அப்ப மிதக்குது?"

"மிதக்குது சார்."

அந்துவான் சார் முகத்தில் அப்படி ஒரு ஒளியை நான் அதுவரை பார்த்ததில்லை. "அலோர், அது படகு" என்றார். "நம்ம ஆபீசே இல்ல!"

கோப்பு படகுகளைப் பதிவு செய்யும் அலுவலகத்துக்குப் போனது. அங்கே தனசேகர் என்று ஒருவர். கப்பலில் உலகம் சுற்றிவிட்டு வந்தவர் என்பதால் எல்லோரும் கேப்டன் என்பார்கள். பாலத்தைப் பார்க்க வந்தார். ஒரு முனையில் நின்று மறுமுனையைக் கண்ணை இடுக்கிப் பார்த்தார்.

"முன்பக்கம் எது?"

"எந்தக் கரையில நிக்கறோமோ அதுக்கு எதிர்ப்பக்கம்" என்றார் பாய்.

"பேர் என்ன? படகுன்னா பேர் இருக்கணும். எழுதியிருக்கணும்."

பாய் மறுநாளே மனைவியின் பெயரைச் சிவப்புப் பெயின்டில் எழுதிவிட்டார். அதற்கு மறுநாள் அழித்திருந்தார். "'ஊரே மிதிச்சிக்கிட்டுப் போறதுக்கு என் பேருதான் கெடைச்சுதா'ன்னு வீட்டுல சோறு போடலம்மா" என்றார். கடைசியில் 'வெற்றி' என்று எழுதினார். உயிர்காக்கும் சட்டை வேண்டுமென்றதும் ஆரஞ்சு நிறத்தில் ஒரு மூட்டை வாங்கி வந்தார். குப்பத்துப் பெண்கள் அதை மாட்டிக்கொண்டுதான் கடக்க வேண்டும் என்றானது. செல்வி அக்கா சலித்துக்கொண்டாள்: "கழட்ட மறந்து கம்பெனிக்கே போயிட்டேன். தீ புடிச்சிருக்கான்னு எல்லாரும் வெளிய ஓடறாங்க."

எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது கேப்டன் குண்டைப் போட்டார். படகு என்றால் ஓட வேண்டும். பயணிகளோடு ஓடிக் காட்ட வேண்டும். அதோடு, இது இனிமேல் பாலம் இல்லை என்று அனுப்பிய அலுவலகத்தின் செயற்பொறியாளர் கூடவே இருந்து பார்த்து எழுதித்தர வேண்டும்.

அந்துவான் சார் அந்தக் கடிதத்தைக் கையில் எடுத்து எடை பார்த்தார். லேசாக இருந்தது.

வேறு வழியில்லை. நோட்டீஸ் கெடு சனிக்கிழமை. அன்றைக்குக் காலை கழற்ற ஆள் வருகிறது. வெள்ளிக்கிழமை ஓட்டிக் காட்டுவது என்று முடிவானது. காலை பத்தரைக்கு ஆற்றில் நீர் ஏறி நிற்கும், இழுப்பு இருக்காது, அதுதான் நேரம் என்று கேப்டன் குறித்துக் கொடுத்தார்.

பத்து மணிக்கே எல்லோரும் வந்துவிட்டோம். மீன்பிடிப் படகின் மோட்டார் ஒன்றை வாடகைக்கு எடுத்து ஒரு முனையில் மாட்டியாகிவிட்டது. செல்வி அக்கா லீவு போட்டுவிட்டு, ஆரஞ்சுச் சட்டையில் ஒரு கூட்டத்தையே ஏற்றிக்கொண்டு நின்றாள். பாய் ஜும்மாவுக்காக வெள்ளை வெளேரென்று உடுத்தி, மோட்டாரைத் தொடாமல் தள்ளி நின்றார். அந்துவான் சாரின் ஜீப் வந்தது. அவர் இறங்கவில்லை.

ஜன்னல் வழியாகக் கேட்டேன்: "சார், போகலாமா?"

"ராகு காலம்மா. பன்னண்டு ஆகட்டும்."

"சார், நீங்க ஞாயித்துக்கெழம பூசைக்குப் போறவரு!"

"எனக்கு அதுல நம்பிக்கை இல்ல. ஆனா என் பென்ஷன் விஷயத்துல ரிஸ்க் எடுக்க மாட்டேன்."

கேப்டன் வந்து, தண்ணீர் யாருக்காகவும் காத்திருக்காது என்று எடுத்துச் சொன்னார். சார் பொறுமையாக, அன்பாக, தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். இறங்கவில்லை. பன்னிரண்டு தாண்டியதும் இறங்கினார். பாலத்தின் நடுவில் அவருக்காகப் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, குடையை விரித்து, "பொன், ஆரம்பிங்க" என்றார். பிரெஞ்சில் அது 'சரி'.

முதல் கயிற்றை அவிழ்த்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவதை அவிழ்த்தார்கள்.

ஒன்றரை மணி நேரமாகக் கடலைப் பார்த்து இறங்கிக்கொண்டிருந்த ஆறு, எங்களையும் எடுத்துக்கொண்டது. பாலம் குறுக்காகவே கிளம்பியது. மோட்டார்காரர் கயிற்றைச் சுண்டினார். மோட்டார் இருந்த முனை மட்டும் முன்னால் போனது. மறுமுனை பின்னால் வந்தது. அடுத்த சுற்றில் அதுவே முன்னால் வந்தது. கேப்டன், "இடப்பக்கம்! இடப்பக்கம்!" என்று கத்தினார். "எதுக்கு இடப்பக்கம்?" என்று மோட்டார்காரர் திருப்பிக் கத்தினார். நியாயமான கேள்வி. பெண்களில் பாதிப் பேர் மாரியாத்தாவைக் கூப்பிட்டார்கள். மீதிப் பேர் சிரிப்பை அடக்க முடியாமல் தாமரையைப் பிடித்துக்கொண்டு தொங்கினார்கள். அந்துவான் சார் குடையை மடக்கவும் இல்லை, எழவும் இல்லை. ஆற்றோடு சுற்றுகிற பாலத்தில் நாலு திசையையும் நிதானமாகப் பார்த்துக்கொண்டு போனார். முகம் மட்டும் தாளாக வெளுத்திருந்தது.

எதிர்க்கரையில் வழக்கம்போலக் கடக்க வந்த ஒருவர் மொபெட்டை நிறுத்திவிட்டு வாயைப் பிளந்தார்.

"பாய்! பாலம் எங்க போவுது?"

"இதோ வந்துடும், இருங்க!" என்று பாய் கத்தினார்.

வரவில்லை. ஒரு வளைவு. அந்த இடத்தில் ஆறு ஒடுங்கும். பாலத்தின் ஒரு முனை இந்தக் கரைச் சேற்றில் செருகியது. மறுமுனை சுழன்று போய் அந்தக் கரைச் சேற்றில் மோதியது. பாலம் முழுக்க ஒரு முனகல் ஓடியது. ஆற்றின் மொத்த இழுப்பும் பக்கவாட்டில் வந்து முட்டியது. பலகையெல்லாம் அதிர்ந்தன. உடைகிறது என்றே நினைத்து நான் அந்துவான் சாரின் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். அவரைக் காப்பாற்றவா, நான் தப்பிக்கவா என்று இன்றைக்கும் தெரியாது.

உடையவில்லை. அப்படியே நின்றது.

பாய் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் ஒரு நடை போய் வந்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "எல்லாம் நல்லாத்தான் இருக்கு. நான் தொழுதுட்டு வந்துடறேன். யாரும் பாலத்த நகத்தாதீங்க" என்று சொல்லிவிட்டு, தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு, கரையேறிப் போய்விட்டார்.

அந்த வளைவில் எக்காலத்திலும் பாலம் கிடையாது. முதலில் புல்லுக்கட்டோடு சைக்கிளில் ஒருவர் வந்தார். எங்களைப் பார்த்தார். "எப்பக் கட்டினாங்க?" என்றார். "இப்பதான்" என்றாள் செல்வி அக்கா. தலையாட்டிவிட்டுக் கடந்து போனார். அவர் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் கூடையோடு இரண்டு பேர், பள்ளிக்கூடப் பையோடு நாலு பேர், கேஸ் சிலிண்டரோடு ஒருவர் என்று வர ஆரம்பித்தார்கள். "பெரியவரே, சேரக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்குங்க" என்று அந்துவான் சாரை ஒருவர் நகர்த்தினார். செல்வி அக்கா பாய் விட்டுப்போன சில்லறைப் பையை எடுத்து மாட்டிக்கொண்டு கட்டணம் வசூலிக்கத் தொடங்கிவிட்டாள்.

கேப்டன் கைப்பிடியில் சாய்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் வந்தார்.

"மேடம், மன்னிக்கணும். முன்பக்கம் இல்ல, பின்பக்கம் இல்ல, சொன்ன பேச்சு கேக்கல. இப்ப மேல மாடு வேற போவுது. இதப் படகுன்னு எழுதினா, நான் போன கடலெல்லாம் என்னைக் காறித் துப்பும்."

திரும்பிப் பார்த்தேன். மாடுதான். ஒரு அம்மா ஓட்டிக்கொண்டு போனார்.

கேப்டன் கரைக்கு இறங்கப் போனபோது செல்வி அக்கா மறித்தாள். "ரெண்டு ரூபா." கொடுத்துவிட்டுப் போனார். அவர் போனதும்தான் அவளுக்கு விஷயம் உறைத்தது.

"அவரு இன்னா சொல்லிட்டுப் போறாரு?"

"படகு இல்லையாம்க்கா."

"பாலமும் இல்லன்னீங்க. படகும் இல்லன்னா, நாளைக்கு?"

அவள் பையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு பலகையில் உட்கார்ந்துவிட்டாள். வரிசையில் வந்தவர்கள் இரண்டு ரூபாயை நீட்டினார்கள், வாங்கவில்லை. "போங்க, சும்மா போங்க. நாளைக்கு இருக்காது" என்றாள். முட்டியைத் தடவிக்கொண்டாள். ஒரு மாதமாகச் சிரித்துக்கொண்டே ஓடியாடிய நானும் அங்கே நின்றுவிட்டேன்.

"ஏம்மா" என்றார் அந்துவான் சார். "அந்த மாடு என்ன எடை இருக்கும்?"

வெயிலில் மூளை கலங்கிவிட்டதோ என்று பயந்துபோனேன். "முந்நூறு கிலோ இருக்குமா சார்?"

"கறவை மாடு. அதுக்கு மேலயே இருக்கும். அதே நேரத்துல சிலிண்டர்க்காரர் நடுவுல இருந்தார். இந்தப் பொண்ணுங்க எல்லாம் ஒரே பக்கம் சாஞ்சு நின்னாங்க." நாற்காலியிலிருந்து எழுந்தார். கைக்குட்டையைப் பலகையில் விரித்து, அதன்மேல் முட்டி போட்டார். இடுக்கு வழியாகக் கீழே பார்த்தார். தவழ்ந்துபோய் அடுத்த இடுக்கில் பார்த்தார். மூடிய பேனாவால் ஒரு பற்றவைப்பைத் தட்டினார், காதை வைத்துக் கேட்டார், அடுத்ததைத் தட்டினார். வெள்ளைக் கால்சட்டையில் சேறு. மாடு திரும்பி வந்தபோது அதற்கு வழிவிட்டு ஒதுங்கிக்கொண்டார், ஆனால் எழுந்திருக்கவில்லை.

"ஒரு பத்தவைப்புகூட விடலம்மா" என்றார், என்னிடம் இல்லை, கீழே இருந்த இரும்பிடம். "சின்ன வயசுல நான் இந்த வேலைதான் பார்த்தேன். ஒவ்வொரு மூட்டா தட்டிப் பார்க்கிற வேலை. அப்புறம் மேல போயிட்டேன்."

"சார்..."

"லோடு டெஸ்ட் என் முன்னிலையில நடக்கணும்னு விதி. நடந்துடுச்சு. நான் சேர்ல உக்காந்து பார்த்தேன். பார்க்கலன்னு எப்படி எழுதறது?" எழுந்து நின்றார். "கோப்பு கொண்டு வந்திருக்கியா?"

என் பையில் கோப்பு எப்போதும் இருக்கும். ஆனால் மேசை இல்லை. ஜன்னல் கிரில்லில் வைத்து எழுதினால் தாள் கிழியும். சார் சுற்றும் முற்றும் பார்த்தார். செல்வி அக்காவின் ஆரஞ்சுச் சட்டை முதுகில் பலகைபோல் விறைப்பாக நின்றது.

"ஏம்மா, கொஞ்சம் எழுந்து குனியறியா?"

அவள் குனிந்தாள். அந்துவான் சார் கறுப்புப் பேனாவின் மூடியைத் திறந்தார். உள்ளே மை இருந்ததே எனக்கு ஆச்சரியம். தற்காலிக நடைப்பாலமாக ஓராண்டுக்கு அனுமதிக்கலாம் என்று எழுதத் தொடங்கினார். அதோடு விடவில்லை. நிபந்தனைகளை எழுதினார். தூண்களை ஆழமாக நட வேண்டும். மழைக்காலத்தில் இரட்டைக் கயிறு. வண்டியைத் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும்.

"சார், முதுகுல எறும்பு ஊர்றாப்போல இருக்குது."

"ஆடாதம்மா. அரசாங்கக் கையெழுத்து."

"போட்டாச்சா?"

"இன்னும் நிபந்தனை இருக்கு."

"சிரிப்பு வருது சார்!"

"மாடுகளை ஒவ்வொன்றாக மட்டுமே அனுமதிக்க வேண்டும்" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே எழுதி, முற்றுப்புள்ளி வைத்து, கையெழுத்துப் போட்டார். தேதி போட்டார். ஊதி ஊதிக் காய வைத்தார்.

பாய் தொழுகை முடிந்து வந்தபோது நாங்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் சொன்னதில் அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

"பாஸாயிடுச்சா? படகாவா, பாலமாவா?"

"பாலமா, பாய்!"

"அப்ப மோட்டார் வாடகை வேஸ்ட்டா?"

சாயங்காலம் நீர் ஏற ஆரம்பித்ததும் இரண்டு மீன்பிடிப் படகுகள் வந்து பாலத்தைப் பழைய இடத்துக்கு இழுத்துப் போயின. வளைவுக்காரர்கள் விட மனமில்லாமல் நின்றார்கள். "இருந்துட்டுப் போவட்டுமே, எங்களுக்கு இன்னா தொந்தரவு" என்றார் மாட்டுக்கார அம்மா. ஜீப் கரையில் காத்துக்கொண்டிருந்தது. அந்துவான் சார் ஏறவில்லை. நாற்காலியிலேயே உட்கார்ந்து, பாலத்தோடு வந்தார்.

மறுநாள் சனிக்கிழமை. நல்ல தூக்கத்தில் இருந்தேன். போன் அடித்தது. ஆறு மணி ஆகிச் சில நிமிடம். செல்வி அக்கா. கயிறு அறுந்துவிட்டதா, கழற்றுகிற ஆட்களுக்குத் தகவல் போகவில்லையா?

"இன்னாக்கா? இன்னா ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல இஞ்சினீரம்மா. தூங்கு." பின்னால் இன்ஜின் சத்தம் கேட்டது. "பஸ்ஸுல உக்காந்திருக்கேன். ஜன்னல் சீட்டு."